செவ்வாய் வீட்டிலிருந்து வந்த படம்

சண்டைக் காலம் அது. மலையகத்தில், கலஹாவில் எங்கள் வீட்டுக்கு ஆட்களைப் பதிய வந்த பொலிஸ் அதிகாரி, மூத்த மகன் எங்கே என்று கேட்டார். வெளிநாட்டில், செவ்வாய்க் கிரகத்தில் வாழ்வது போல இருந்து பார்க்கிற ஆராய்ச்சி வீட்டில் இருக்கிறான் என்று சொல்லி, அவன் அனுப்பிய படத்தைக் காட்டினேன். அங்கே வாசலைத் தாண்டினாலே ஹெல்மெட்டோடு முழு உடுப்புப் போட வேண்டுமாம்.

“மூஞ்சி எங்க? இது என்ன, இயக்கத்து ட்ரெய்னிங்கா?” என்றவர், சின்னவனை ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டார்.

இன்டர்நெட் வசதி உள்ள கொமியுனிகேஷன் கடைக்குப் போய், முகம் தெரிகிற படம் கேட்டு மூத்தவனுக்கு ஈமெயில் போட்டேன். நிஜச் செவ்வாயின் தூரத்தைக் கணக்கு வைத்து, அங்கே எந்தக் கடிதத்தையும் இருபது நிமிடம் நிறுத்தி வைத்துத்தான் விடுவார்கள். போக இருபது, வர இருபது.

“அவசரம்னு போடுங்க அண்ணே,” என்றார் கடைக்காரர்.

“போட்டாலும் அதே இருபதுதாங்க.”

கதிரையில் இருந்தேன். முருகா முருகா என்று நிமிடங்களை எண்ணினேன்.

படம் வந்தது. குளிக்கத் தண்ணீர் இல்லாத அந்த வீட்டில், நெற்றி நிறைய விபூதியோடு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான். பிரிண்ட் எடுத்துப் பொலிசுக்குக் கொண்டுபோனேன்.

“ரொட்டி சுடவா அவ்வளவு தூரம் போனான்?” என்று சொல்லி, அதிகாரி சின்னவனை விட்டுவிட்டார்.

“அண்ணன் மெலிஞ்சிட்டாருப்பா,” என்றான் சின்னவன், படத்தைப் பார்த்து.

நான் தலையாட்டினேன். சின்னவன் திரும்பி வந்தும் சந்தோஷம்கூட வரவில்லை.