காது போன பிறகு

வலது காது ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஒரே வாரத்தில் போனது. இடது காது அப்படிப் போகவில்லை. வீட்டைக் காலி செய்கிற குடித்தனக்காரர் சாமான்களை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றுவதைப் போல, ஒவ்வொரு சத்தமாக எடுத்துக்கொண்டு போனது. முதலில் குக்கர் விசில். பிறகு வாசல் மணி. பிறகு பக்கத்து வீட்டு நாய். கடைசியாக, போனில் வரும் என் மகளின் குரல்.

நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் கல்யாணமாகி சிங்கப்பூரில் இருந்தாள். திருச்சியில் பெரிய டாக்டரிடம் காட்டினேன். நரம்பு போய்விட்டது, அறுவைச் சிகிச்சைக்கும் வழியில்லை என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். காதில் மாட்டும் மிஷினையும் வாங்கிப் பார்த்தேன். அது சத்தத்தைக் கொண்டுவந்ததே தவிர, சொற்களைக் கொண்டுவரவில்லை. வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. பள்ளியில் என்னை வேலையை விட்டு அனுப்பாமல் நூலக அறைக்கு மாற்றினார்கள். நல்ல மனிதர்கள்தான்.

காது கேட்காதவர்களுக்கு உலகம் அமைதியாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமைதி இல்லை. உள்ளே ஓயாமல் ஓர் இரைச்சல், அறுவடைக் காலத்து அரிசி ஆலை மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். வெளியில்தான் ஒன்றும் இருக்காது. ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட்டு, "என்ன சொன்னாங்க?" என்று கேட்பேன். அவர் வாய் அசையும். அந்த வாயசைவை நான் சீக்கிரமே படிக்கக் கற்றுக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா."

தினமும் எத்தனையோ பேர் எனக்குச் சொன்னது அந்த 'ஒண்ணுமில்ல'தான். கொஞ்ச நாளில் நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். அவர்கள் சொல்வதையும் நிறுத்திக்கொண்டார்கள். யார்மேலும் குற்றமில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தரம், மூன்று தரம் சொல்ல யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

நாங்கள் லுத்தரன் குடும்பம். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆண்டவரை மேய்ப்பர் என்றுதான் நினைத்துப் பழகியிருக்கிறேன். அப்பா, அம்மா, கணவர் என்று ஒவ்வொருவரையும் அடக்கம் செய்தபோதும் வேதத்தில் உள்ள மேய்ப்பரின் சங்கீதத்தைத்தான் படித்தார்கள். விடிகாலையில் வேதம் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். அப்போது மனதுக்குள் ஏதோ ஒன்று தெளியும். அதை நான் அவருடைய சத்தம் என்று சொல்லிக்கொள்வேன். கணவர் போன பிறகு என்னைத் தூக்கி நிறுத்தியது அதுதான். ஆடுகளுக்கு மேய்ப்பனின் சத்தம் தெரியும், அதனால் அவை அவன் பின்னால் போகும் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார் அல்லவா? எனக்கு அந்தச் சத்தம் தெரியும் என்ற தைரியத்தில்தான் தனியாக ஒரு வீட்டில் இருந்தேன்.

காது போன பிறகு விடிகாலையில் உட்கார்ந்தால் அரிசி ஆலைதான் ஓடியது. வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். இரைச்சல் கூடும். எனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததும் இந்தக் காதோடு போய்விட்டதோ என்ற பயம் வந்தது. சத்தம் தெரியாத ஆடு எந்த மந்தையைச் சேர்ந்தது?

பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெண் என்னை ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப் போனாள். ஊழியக்காரர் என் இரண்டு காதிலும் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு ஜெபித்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை வைத்துத்தான் உரக்க ஜெபிக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். கையை எடுத்துவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

"கேக்குதா?"

"இல்லீங்க" என்றேன்.

அவர் அடுத்தவரிடம் போய்விட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்தப் பெண் தன் போனில் தட்டி என்னிடம் காட்டினாள். 'விசுவாசம் வேணும்க்கா.' அவள் என்மேல் பிரியம் உள்ளவள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அந்தக் கையை உதறவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

எங்கள் சபைக் கோயிலுக்கு மட்டும் ஞாயிறுதோறும் விடாமல் போய்க்கொண்டிருந்தேன். எல்லோரும் எழுந்தால் எழுவேன், உட்கார்ந்தால் உட்காருவேன். ஆராதனை முறை முழுதும் மனப்பாடம் என்பதால் பாதி சமாளித்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசைத் தலைகள் என் பக்கம் திரும்பியிருக்கின்றன. எங்கள் போதகர் ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறி நின்று, நான் முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கிறார். என் குரல் எந்த சுதியில் எவ்வளவு உரக்க ஒலித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எதிரே இருந்த ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு நான் போகவில்லை.

ஐயரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். காபி கொடுத்தேன். அவர்கள் பேசினார்கள், நான் தலையாட்டினேன். முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். நானும் கண்ணை மூடினேன். ஆமென் எப்போது சொன்னார்களோ தெரியாது. நான் கண் திறந்தபோது இருவரும் எழுந்து, செருப்பைப் போடாமல் வாசலருகே நின்றுகொண்டிருந்தார்கள். ஜெபத்தில் இருப்பவளைத் தொடக்கூடாது என்று நினைத்திருப்பார்கள். அன்றைக்குப் போல நான் எப்போதும் அழுததில்லை.

அந்தக் கோடையில் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டேன். பட்டுக்கோட்டை பக்கத்தில் தென்னந்தோப்புக்கு நடுவில் அவள் வீடு. காலையில் கரண்ட் இல்லாததால் போனில் சார்ஜ் போட முடியவில்லை. தெரிந்த வழிதானே என்று பஸ் ஏறிவிட்டேன். ஒரத்தநாடு தாண்டியதும் வெளியே பார்த்தால் தெரியாத ரோடு. ஏதோ ஊரில் தேர் என்று வழியை மாற்றி விட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கண்டக்டர் கட்டாயம் சொல்லியிருப்பார். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பதிலும் கேட்க வேண்டுமே. பஸ் மாறி ஏறிவிட்டேன் என்று பயந்து, இரண்டு பேர் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். அவர்கள் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். பஸ்ஸும் போனது.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை அறுத்துப் போட்ட வயல். வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்க இன்னும் நாள் இருந்தது. ஊர்ப் பெயர்ப் பலகைகூட இல்லை. வண்டி வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ரோட்டு ஓரமாக நடந்தேன். பின்னால் வருகிற லாரிச் சத்தம் கேட்காதே. தாகத்தைவிட அந்த பயம்தான் பெரிதாக இருந்தது. "ஆண்டவரே, நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

வரப்பைத் தாண்டி ஒரு கருவேல மர நிழலில் ஒரு கூடாரம் தெரிந்தது. கிடை போட வந்தவர்கள். கோடையில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டி வருவார்கள். வயலுக்குச் சொந்தக்காரர்கள் உரத்துக்காக அவர்களை அழைத்து ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைக்கச் சொல்வார்கள். குட்டிகளைக் கூடையால் கவிழ்த்து மூடி, பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து ஏதோ கேட்டாள்.

"எனக்குக் காது கேக்காதும்மா. வழி தெரியாம இறங்கிட்டேன். பட்டுக்கோட்டை போகணும்" என்றேன்.

அவள் முகத்தில் இரக்கமும் இல்லை, சங்கடமும் இல்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நிழலைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

அங்கே உட்கார்ந்துதான் அதைப் பார்த்தேன். தூரத்தில் ஆடுகள் அறுத்த வயலின் தாளில் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் கணவராக இருக்க வேண்டும், தோளில் கம்போடு நின்றிருந்தவர் வாயில் கையை வைத்துக் குரல் கொடுத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அத்தனை ஆடுகளும் ஒரே சமயத்தில் தலை தூக்கியதையும் அவர் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியதையும் பார்த்தேன். ஓர் ஆடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் மறுபடி கூப்பிட்டார். அது அசையவில்லை. நோயா, வயதா, வெறும் பிடிவாதமா, எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் கேட்கவும் இல்லை. அவர் மந்தையை நிற்கவிட்டு வெயிலில் அவ்வளவு தூரம் திரும்பி நடந்து போனார். அடிக்கவில்லை. அதன் கழுத்தில் கையைப் போட்டார். இருவரும் சேர்ந்து நடந்து வந்தார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. இதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டவள் நான். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுக் காணாமல் போன ஒன்றைத் தேடிப் போகும் நூறு ஆட்டுக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு வரைக்கும், அவர் கூப்பிடுவதைக் கேட்பது என் வேலை, கேட்காவிட்டால் நான் அவருடையவள் இல்லை என்றே உள்ளுக்குள் எண்ணியிருந்தேன். சத்தத்துக்கு வராத ஆட்டிடம் மேய்ப்பர் நடந்து வருவார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது என்னைப் பற்றிய செய்தி என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பு வழியாக மெயின் ரோட்டுக்குக் கூட்டிப் போனாள். வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தாள். முதலில் மறந்துவிட்டாள் என்று நினைத்து, "கேக்காதும்மா" என்று மறுபடி சொன்னேன். அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி பேச ஆரம்பித்தாள். வானத்தைக் காட்டினாள், வயலைக் காட்டினாள், எதற்கோ சிரித்தாள். எல்லோரும் எனக்கு 'ஒண்ணுமில்ல' என்று சொல்லி நிறுத்திய பிறகு, கேட்காது என்று தெரிந்தே ஒருத்தி என்னிடம் பேசினாள். என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் தெரியாது. பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லி ஏற்றிவிட்டாள்.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் மட்டும்தான் என் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுவாள்.

"எங்கக்கா போனே? உயிரே போயிடுச்சு எங்களுக்கு."

"ஒரு ஆட்டுக்காரம்மா கொண்டாந்து விட்டா."

"ஆட்டுக்காரம்மாவா? யாரு?"

"பேர் தெரியாது. சொல்லியிருப்பா" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஊர் திரும்பிய பிறகு ஐயரைப் போய்ப் பார்த்தேன். "எனக்குக் கேக்காதுங்கய்யா. ஆனாலும் எங்கிட்ட பேசுங்க. ஜெபம் முடிஞ்சா தோளைத் தொடுங்க, தப்பில்ல" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "தெரியாமப் போச்சும்மா" என்று அவர் வாய் சொன்னது. மகளிடமும் வீடியோவில் சொன்னேன். "நீ தட்டி அனுப்பாத. வாயத் திறந்து பேசு. நான் பாத்துக்கிட்டிருக்கேன்." அவள் அழுதுகொண்டே அரை மணி நேரம் பேசினாள். அதில் பாதிகூட எனக்குப் புரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. காது திரும்பவில்லை. விடிகாலையில் அரிசி ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய தெளிவு பெரும்பாலும் வருவதில்லை. அதற்காக முன்போல நடுங்குவதில்லை. அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நம்பி, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறேன். தனிமை போகவில்லை. பல நாள் மாலையில் அது வந்து எதிர் நாற்காலியில் உட்காரத்தான் செய்கிறது.

கோயிலில் இப்போது ஒரு விதவை என் பக்கத்தில் உட்காருகிறார். பாட்டு முடிந்தால் என் முழங்காலைத் தட்டுவார். பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் வசதி ஒன்றை மகள் என் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். போன ஐப்பசியில், மழை ஊற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐயர் மேய்ப்பரைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். போன் வரிக்கு வரி எழுதியது: 'இயேசு நமக்கு நல்ல பேப்பர். பேப்பர் நம்மைக் கைவிட மாட்டார்.' பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினேன். அவருக்குத் தோள் குலுங்கியது. எனக்கும்தான். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டோம்.

ஆராதனை முடிந்து அந்த விதவை தன் மகனின் வண்டியில் போய்விட்டார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பூட்டைத் திறந்து உள்ளே போனால் யாரும் இல்லை. ஈரச் செருப்பைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, "வந்துட்டேன், ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னேன். உரக்கச் சொன்னேனா மெல்லச் சொன்னேனா தெரியவில்லை. பிறகு உலை வைக்கப் போனேன்.