வரைபடத்தில் விடுபட்ட கொட்டகை

தொண்ணூறுகளின் கடைசியில் சிட்னி லிட்கமில், கதவுக் கைப்பிடிகளுக்கு முலாம் பூசி ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழ் இல்லாதவர்களிடம் இனி வாங்குவதில்லை என்று ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருநாள் எழுதிவிட்டார். அதுவரை சுற்றுச்சூழல் என்றால் வாசலில் நிற்கும் இரண்டு மரங்கள் என்றே நினைத்திருந்த மனேஜர், அந்த வாரமே என்னைச் சுற்றுச்சூழல் அதிகாரி ஆக்கினார். என் தகுதி, இங்கிலீஷ் நன்றாக எழுதுவேன் என்பதுதான்.

மாதக்கணக்கில் எழுதினேன். காகிதத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது எப்படி என்பதற்கே ஒரு தடித்த கோப்பு.

கழுவும் பகுதியில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருந்தார். ஊரில் இரசாயனம் படிப்பித்தவர். தேநீர் இடைவேளையில் கேட்டார்: "பிள்ளை, பின் கொட்டகைத் தண்ணி மழைக் கானுக்குள்ள போறதையும் எழுதினீரோ?"

எனக்கு அது தெரியவே தெரியாது. போய்ப் பார்த்தேன். முலாம் பூசிய கைப்பிடிகளைக் கழுவிய தண்ணீர் மழைநீர் வடிகாலுக்குள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. மனேஜரிடம் சொன்னேன். அவர் வரைபடத்தை விரித்து, கொட்டகை வெளியே விழும்படி ஒரு கோடு இழுத்தார். சான்றிதழ் முன்கட்டடத்துக்கு மட்டும் என்றார். அந்தக் கோட்டை அழகாகத் திருத்தி வரைந்து கொடுத்தவள் நான்.

சான்றிதழுக்காக வந்த தணிக்கையாளர் இரண்டு நாள் கோப்புகளைப் புரட்டினார். அண்ணை அவரிடமே போய், பின்பக்கம் வந்து பார்க்கச் சொன்னார். அது தன் வரம்பில் இல்லை என்று அவர் சிரித்தார். அவர் கண்ட ஒரே குறை, ஒரு குப்பைத் தொட்டியில் லேபிள் இல்லாதது. சான்றிதழ் கிடைத்தது. பச்சை ஐசிங் போட்ட கேக் வெட்டினோம்.

அண்ணை கேக் வாங்கவில்லை. "நான் கவுன்சிலுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன்," என்றார். "உம்மட பேரைச் சொல்லேல்லை."

நகரக் கவுன்சில்காரர் வந்து போத்தலில் தண்ணீர் பிடித்துப்போனார். சுத்திகரிப்புத் தொட்டி கட்டும்வரை, கவுன்சில் உத்தரவால் கொட்டகை மூடிக் கிடந்தது. யார் சொன்னது என்று மனேஜர் கேட்டபோது அண்ணை ஒளிக்கவில்லை. அவரைப் பெட்டி கட்டும் பகுதிக்குத் தள்ளினார்கள்.

மறுவருடம் அதே தணிக்கையாளர் வந்தார். நிறுவனம் தானாக விரும்பிக் கட்டிய தொட்டி என்று கோப்பில் இருந்ததைப் படித்துப் பாராட்டினார். அந்தப் பத்தியை எழுதியதும் நான்தான். அண்ணையிடம் காட்டினேன், ஏன் காட்டினேனோ. முழுதும் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு தேநீர் குடிக்க வரவில்லை.