எஸ்தர் அம்மாள் திருப்பிக் கொடுத்த தட்டப்பயறு

செய்தி வந்தபோது நான் சேரன்மகாதேவியில் என் வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறிக்கொண்டிருந்தேன். ஆற்று வெள்ளம் மண்டி வாசலைத் தொட்ட அன்றுகூட ஏலத்தை நிறுத்தாதவன் நான். தொலைபேசியில் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் முருகையா பேசினார். "அண்ணாச்சி, டயட் அம்மா போயிட்டாவ. காலம்பற பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருக்கையில நெஞ்சு அடைச்சிட்டு." கையில் பிடித்திருந்த கதலித் தார் பாதி விலையில் நின்றது. 

வியாழக்கிழமைதோறும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், சிறுநீரக டாக்டரின் அறைக்கு வெளியே, ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நமக்கெல்லாம் டயட் அம்மாவை, எஸ்தர் அம்மாளைத் தெரியும். எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது, எவ்வளவு தின்னலாம் என்று நமக்குச் சொல்வதற்கென்றே அங்கே இருந்தவர். ஐம்பது வயதுதான். நான் அவருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவன். என் சிறுநீரகத்தைப் பற்றி டாக்டர் பேசிய பேச்சுக்கு, நியாயமாக அவர்தான் என் சாவுக்குத் துஷ்டி கேட்க வந்திருக்க வேண்டும். நான் அவருடைய அடக்கத்துக்குப் போய் வந்திருக்கிறேன். கூட்டம் ஒரு மைல் நீளம் இருந்தது. இல்லை என்பவர்கள் முன்வரிசையில் நின்றவர்களாக இருப்பார்கள். நான் கடைசியில் நின்றேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் என் ரத்தத்தைப் போலச் சிக்கலான ரத்தத்தைத் தென் மாவட்டத்திலேயே பார்த்ததில்லை என்று டாக்டர் சொன்னார். ஏறக்குறைய அந்த அர்த்தத்தில்தான் சொன்னார். சிறுநீரகம் இரண்டும் பாதி வேலைகூடச் செய்யவில்லை. செய்தி ஊருக்குள் போனதும் ஆளாளுக்கு ஒன்றை நிறுத்தச் சொன்னார்கள். வள்ளியூர் சம்பந்தி பருப்பை நிறுத்தச் சொன்னார். மச்சினன் காய்கறியை நிறுத்தச் சொன்னான். வாழைப்பழத்தை டாக்டரே நிறுத்தினார். வாழை மண்டிக்காரனுக்கு அதைவிட என்ன தண்டனை வேண்டும்? அவருடைய சீட்டில் பயறு வகைகளைச் சுற்றியும் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. மூன்று மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஒற்றைக் கையால் ரெண்டு தார் தூக்கியவனுக்கு வெறுங்கை நடுங்கியது.

அந்த நிலையில்தான் எஸ்தர் அம்மாள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"நேத்து என்ன சாப்பிட்டிய, அண்ணாச்சி?"

"சோறும் மோரும்."

"முந்தாநாளு?"

"மோரும் சோறும்."

அவர் சிரித்துவிட்டுச் சீட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. எழுந்து டாக்டர் அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தது என்றாலும் என் காதுக்கு அது ஒரு தடையே இல்லை. "சாப்பாடே இல்லாம உடம்பு உருகுது, டாக்டர். பயறைக் கொடுத்துப் பார்ப்போம்" என்கிறார். "பொட்டாசியம் ஏறினா யார் பொறுப்பு?" என்கிறார் டாக்டர். "நான்" என்கிறார் அந்த அம்மாள். கடைசியில் டாக்டர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் பயறு நிறுத்தம். ஏறிய அளவு மருந்துக்கு அடங்கவில்லை என்றால் மதுரைக்கு அனுப்பி மெஷினில் ரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டியதுதான். மெஷின் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கால் குளிர்ந்துபோனது. பயந்தேன் என்று சொல்ல மாட்டேன். கால் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் சொன்னதை என் அறிவுக்கு எட்டியபடி எழுதுகிறேன். உடம்புக்குப் புரதம் வேண்டும். கறியில் கிடைக்கும் புரதத்தைவிடப் பயறில் கிடைப்பது சிறுநீரகத்துக்கு இலகுவான சுமை. பயறில் நார் உண்டு, வயிற்றைக் கட்டவிடாது. சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. பாஸ்பரஸ் என்பது தீப்பெட்டியில் மட்டும் இருப்பது என்று எண்ணியிருந்தேன். அது பயறிலும் உண்டாம். ஆனால் முழுவதும் உடம்பில் ஒட்டாதாம். மிச்சம் இருப்பது பொட்டாசியம். அதற்குத்தான் வழி சொன்னார். இரவெல்லாம் நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்து, அதையும் வடித்து, உப்பு சேர்க்காமல் தாளித்து, அரைக் கிண்ணம். தினமும் இல்லை, ஒன்றுவிட்டு ஒருநாள்.

"பயறு உங்களுக்குப் பகை இல்ல, அண்ணாச்சி. அது கிடந்த தண்ணிதான் பகை" என்றார். பக்கத்தில் இருந்தவர் தனக்கும் அதே அளவா என்று கேட்டதற்கு, "உங்க ரத்தம் வேற பேச்சு பேசுது. உங்களுக்குப் பிறகு சொல்லுதேன்" என்று அவரை உட்காரவைத்துவிட்டார்.

மூன்று மாதப் பட்டினிக்குப் பிறகு முதல்முதலாகத் தட்டப்பயறைத் தின்ற அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்க் காரம் என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தேன். இரண்டு வாரத்தில் உடம்பில் தெம்பு வந்தது. மண்டியில் என் குரல் முக்கூடல் வரை கேட்டதாகப் பேச்சு. ஆனால் மாதக் கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் குறையவில்லை. நன்றாக ஏறியிருந்தது.

டாக்டர் வராந்தாவுக்கே வந்துவிட்டார். நாற்பது பேர் முன்னிலையில் எஸ்தர் அம்மாளைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எனக்குத் தூள் மருந்து ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரத்தில் இறங்காவிட்டால் மதுரை என்றார். வேறு யாராக இருந்தாலும் என் மேல் பாய்ந்திருப்பார்கள். ஒளித்துவைத்து வாழைப்பழம் தின்றாயா என்று கேட்டிருப்பார்கள். உங்களில் சிலர் கேட்கவும் செய்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

மறுநாள் பஸ் பிடித்து வந்தார். நேரே அடுப்படிக்குப் போய் ஒரு மணையில் உட்கார்ந்தார். "மதினி, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீங்க பாட்டுக்குச் சமையுங்க" என்றார். என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் கலெக்டரே வந்தாலும் கரண்டியைக் கீழே வைக்காதவள். சொன்னபடியே செய்தாள். ஊறிய தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வடித்தாள். வேகவைத்த தண்ணீரையும் அதே பாத்திரத்தில் வடித்தாள். அதில் புளியைக் கரைத்தாள். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டாள்.

"மதினி, இது எதுக்கு?"

"ரசத்துக்கு. பயறுத் தண்ணியில வச்சாத்தான் ரசம் ருசி. சத்து பூரா அதுலதானே இருக்கு, கொட்டவா முடியும்?"

"அண்ணாச்சியும் குடிப்பாவளோ?"

"குடிப்பாவளாவா? மூணு தம்ளர். சக்கையை அவுகளுக்குக் கொடுத்துட்டு சாறை நான் குடிக்கவா, சிஸ்டர்? ஊருல என்னைய என்ன சொல்லுவாவ?"

எஸ்தர் அம்மாள் சுவரில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், விஷயம் புரியாமலே. பயறிலிருந்து வெளியேற்றிய பொட்டாசியத்தை நான் ஒரு சொட்டு விடாமல் தம்ளரில் வாங்கிக் குடித்திருக்கிறேன். விஷயம் புரிந்ததும் பேச்சியம்மாளின் கை நின்றுவிட்டது. "நானா அவுகளுக்கு இதைச் செஞ்சேன்?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எஸ்தர் அம்மாள் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வடிக்கணும்னுதான் நான் சொன்னேன், மதினி. கொட்டணும்னு சொல்லல. நம்ம ஊருப் பொம்பளை பயறுத் தண்ணியைக் கொட்ட மாட்டான்னு எனக்குத் தெரியாதா? எங்க அம்மையும் இப்படித்தானே ரசம் வச்சா. தப்பு என்னுது." பிறகு இருவருமாகப் பாத்திரத்தைப் பின்னால் தூக்கிப்போய்க் கறிவேப்பிலைச் செடியின் வேர்மூட்டில் ஊற்றிவிட்டு வந்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை மருந்திலும் பத்தியத்திலுமாக அளவு இறங்கியிருந்தது. மதுரைக்குப் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. அதே வராந்தாவில், அதே நாற்பது பேர் முன்னால், எஸ்தர் அம்மாள் டாக்டரிடம் சொன்னார்: "அண்ணாச்சி மேல குத்தமில்ல, பயறு மேலயும் குத்தமில்ல. நான் சொன்னதுல ஒரு வார்த்தை குறைஞ்சிட்டு." அவர் பேச்சியம்மாளின் பெயரையே எடுக்கவில்லை. டாக்டர் என் சீட்டை வாங்கி, பயறைச் சுற்றியிருந்த சிவப்புக் கோட்டை அடித்து நீக்கினார். நான் முப்பது வருடம் மண்டி நடத்துகிறேன். தப்பு என்னுது என்று ஒருவர் கூட்டத்துக்கு நடுவில் நிமிர்ந்து நின்று சொன்னதை அன்றுதான் பார்த்தேன். திருநெல்வேலிச் சீமையில் பெரிய மனுஷர் என்று சொல்லிக்கொள்ளும் பாதிப் பேருடன் எனக்குப் பழக்கம் உண்டு. அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், ஒரு கேள்வியும், அதைக் கேட்கும் விதமும்தான். மற்ற விஷயங்களை நாலு சுற்றுக் கூட்டிச் சொல்வது என் வழக்கம். எஸ்தர் அம்மாளின் பயறுக் கதையில் மட்டும் அரைக் கிண்ணத்தை ஒரு கிண்ணம் ஆக்குவதில்லை. அளவைக் கேட்பவர்களை டாக்டரிடமே அனுப்பிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு வாத்தியார் புதிதாக வந்திருந்தார். கூட அவர் மனைவி. உள்ளூர் டாக்டர் சொன்னபடியெல்லாம் பயறை ஊறவைத்து வடித்துத்தான் சாப்பிடுகிறாராம். ஆனாலும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகிறதாம். நான் பைய நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வடிச்ச தண்ணியை என்ன செய்யுதிய?" என்றேன்.

வாத்தியார் தன் மனைவியைப் பார்த்தார். "ரசத்துக்கு" என்றார் அந்த அம்மாள், தரையைப் பார்த்தபடி.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு, மதினி" என்றேன். "உங்க மேல தப்பு இல்ல. உங்களுக்கு யாரும் சொல்லல."