பெரிதாக்கிய படங்களும் ஒரே பார்வையாளரும்

எங்கள் கைத்தறிப் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் தீபாவளிப் பார்டர் டிசைன் வெளியே போனதற்கு நானே காரணம் என்று சிலர் சொல்வதாகக் கேள்வி. அப்போது நான் சங்க மேலாளர், எம்.காம். பட்டதாரி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சங்கத்துக்குப் புதிதாக வெப்சைட் தொடங்கியிருந்தோம். திங்கள்தோறும் டிராஃபிக் ரிப்போர்ட்டை அச்செடுத்துத் தலைவரிடம் வைப்பது என் பொறுப்பு. எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று நான்கு தாள் வரும். தலைவர் முதல் தாளின் மொத்தத்தை மட்டுமே பார்ப்பார்.

"போன வாரத்துக்கு ஏறிக்கிதா?"

"ஏறியிருக்கு தலைவரே. ஆனா மூணாவது தாள்ல..."

"ஏறிக்கிதில்ல? அவ்ளோதான்பா. மீதிய ஃபைல்ல போடு."

வெப்சைட்டில் புடவைப் படங்கள் சிறியவை என்பதால் வந்தவர்கள் நிற்காமல் போகிறார்கள் என்று கண்டு, பெரிதாக்கலாம் என எழுதிக் கொடுத்தவன் நான். அதை மறைக்கவில்லை. பெரிதாக்கியதும் மொத்தம் ஏறியது. தலைவர் அந்தத் தாளை நிர்வாகக் குழுவில் எல்லோரிடமும் காட்டினார்.

ஏற்றத்தில் பெரும்பகுதி ஒரே ஐ.பி. எண்ணிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பிலிருந்து, வந்திருந்தது. நாள்தோறும் அதே எண்; புதுப் பார்டரின் படங்கள் மட்டும்; ஒவ்வொன்றிலும் நெடுநேரம். புடவை வாங்க நினைப்பவர் விலையைப் பார்ப்பார். இவர் விலைப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. அந்தத் தீபாவளி விற்பனைக்கு நாங்கள் நம்பியிருந்தது அந்தப் பார்டரை மட்டுமே. தலைவரிடம் சொன்னேன்.

"கடைக்கு வர்றவன இன்னாத்துக்கு வந்தேன்னு கேப்பியாபா? வந்துக்கினு இருக்கான், வரட்டும்."

மூன்று திங்கட்கிழமைகள் எழுத்திலும் கொடுத்தேன். மூன்று முறையும் படிக்காமலே கையெழுத்திட்டார்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், அந்தப் பார்டரை வரைந்த டிசைன் மாஸ்டர் ஏகாம்பரம் ஒரு புடவையை என் மேசைமேல் விரித்தார். வெளியூர் விசைத்தறியில் நெய்தது. பார்டர் எங்களுடையது.

"படம் இம்மாம் பெருசா இருந்தா ஒவ்வொரு இழையா எண்ணிக்கலாம் சார். எண்ணிட்டா தறிக்கு கிராஃப் போட இன்னா கஷ்டம்?"

சேதி கேட்டு வந்த தலைவர் புடவையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இத்த ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

ஃபைலைத் திறந்து மூன்று கையெழுத்துகளையும் காட்டினேன். ஏகாம்பரம் என்னிடம் கேட்டார்.

"அதெல்லாம் சரி சார். கம்ப்யூட்டர் உங்க மேசமேலதானே இருந்துது? நீங்களே படத்த சின்னதாக்கியிருக்கலாமே?"

பத்து நிமிட வேலை. உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தேன்.

இப்பணிக்கு வரும் இளையோருக்கு ஒன்று சொல்வேன். மொத்தத்தைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். வந்தவர் எதைத் தேடி வந்தார் என்று பாருங்கள். கண்டதை எழுதிக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்ததாகவும் எண்ணாதீர்கள். என் ஃபைலில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தீபாவளிக்கு எங்கள் பார்டரை ஊர் கட்டியது விசைத்தறிப் புடவையில்தான்.