யாருக்கான துடக்கு

எனக்கு ஒன்பது வயது நிறையவிருந்த ஆண்டில், யாருமே சாகாமல் எங்கள் வீட்டில் ஒரு செத்தவீடு நடந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. மெல்பேர்ணில் இருந்த எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அனைத்தையும் ஒரே வரவேற்பறைக்குள் அடக்கிவிடலாம். கதிரை போதாமல் பிள்ளைகளைத் தரையில் இருத்தி, பல ஞாயிற்றுக்கிழமைகளில் அடக்கியும் இருக்கிறோம்.

அந்நாட்களில் நகரம் முழுவதும் ஒரே வழக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. மேசை கதிரை விற்கும் தளபாடக் கடையொன்றின் பங்காளிகள் இருவர் படகெடுத்துக்கொண்டு விரிகுடாவில் மீன்பிடிக்கப் போனார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார். மற்றவர் தவறி விழுந்துவிட்டார் என்றார். உடல் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம், திரும்பி வந்தவருக்கும் திரும்பாதவரின் மனைவிக்கும் வெகுநாளாக இருந்த பழக்கம்தான். பொதுமக்களிலிருந்து எடுத்த பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. எங்கள் மாநிலமான விக்டோரியாவில் அப்போது கொலைக்கு ஒரே தண்டனைதான். தூக்கு என்று நீதிபதி தீர்ப்பை வாசித்தார்.

அதன் பிறகுதான் பேச்சு சூடுபிடித்தது. பால் கொண்டு வருகிறவரும் பக்கத்து வீட்டுக்காரியும் வேலியோரம் நின்று வாதாடினார்கள். எங்கள் வகுப்பு ஆசிரியை அதைப்பற்றி யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, தானே அரை மணி நேரம் பேசினார். கொலைக்கா கள்ள உறவுக்கா அந்த மனிதருக்குத் தூக்கு என்று ஊரில் பாதிப்பேர் கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்துத்தான், அதிலென்ன தப்பு என்றார்கள் மற்றவர்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் என் அப்பா. இது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். அறைக்குள் பேசியதை வெளியே பேசக்கூடாது என்று நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். அப்பா எதையும் ஒரு படி கூடுதலாகவே கடைப்பிடிக்கிறவர். தான் அந்த அறைக்குள் இருந்ததையே அவர் வெளியே சொல்லவில்லை. அணைக்கட்டு வேலைக்காகத் தான் வேலை பார்க்கிற கந்தோர் தன்னைத் தூர இடத்துக்கு அனுப்புகிறது என்றே நண்பர்களிடம் சொல்லியிருந்தார். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

தீர்ப்பு வந்த பின்னேரம் அப்பா முன்கதவால் வரவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், கோட்டும் சப்பாத்தும் கழற்றி வைத்து, தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற குழாயைத் திறந்து, உடுப்போடு தலையில் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல குளிர்காலம். பக்கத்து வீட்டுக்காரி யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். அம்மா துவாயோடு வந்து நின்றார். யாழ்ப்பாணத்தில் சுடலைக்குப் போய் வந்தவர்கள் அப்படித்தான் தோய்ந்துவிட்டு வீட்டுக்குள் வருவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அணைக்கட்டில் நிறையத் தூசி போலும் என்று நினைத்தேன்.

உள்ளே வந்தவர் அம்மாவிடம், "கொஞ்ச நாளைக்கு மச்சம் வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் மீனில்லை, இறைச்சியில்லை, முட்டைகூட இல்லை. சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கும் ஏற்றவில்லை. அதெல்லாம் பரவாயில்லை, அந்த மாதம் வரவிருந்த என் பிறந்தநாள் கொண்டாட்டமும் இல்லை என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. யாரிடமாவது சொல்லி ஆற வேண்டும் போலிருந்தது. ஞாயிறுகளில் வருகிறவர்களில் ஒருவரான கணக்காளர் அங்கிளின் மகளிடம் சொன்னேன்.

மச்சமில்லை, விளக்கில்லை, பிறந்தநாளில்லை என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு விளக்கம் தேவையா? யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்திருக்கிறது, அவர்கள் யாருக்கும் சொல்லாமல் தாங்களே சாவுத் தீட்டென்று துடக்குக் காக்கிறார்கள் என்று முடிவாகிவிட்டது. அடுத்த ஞாயிறு எல்லாக் குடும்பங்களும் வந்து இறங்கின. பெண்கள் வெள்ளைச் சேலை. அடுப்பு மூட்டாத வீட்டுக்குக் கொண்டு வருவது போலச் சோறும் பருப்பும் மரக்கறியும் சட்டி சட்டியாகக் கொண்டு வந்தார்கள். எங்கள் அடுப்போ அப்போது எரிந்துகொண்டிருந்தது.

வந்தவர்களில் மூத்தவரான டொக்டர் அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆர் அக்கா?" என்று மெல்லக் கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒராள்" என்றார் அப்பா. "நீங்கள் அறியமாட்டீங்கள்."

அதற்குமேல் துருவுவது மரியாதையில்லை என்று எல்லோரும் தலைகுனிந்து இருந்தார்கள். ஆனால் எவ்வளவு நேரம்தான் குனிந்திருப்பது? செத்தவீட்டில் நாலு பேர் கூடினால் ஊர்க்கதை வராமல் போகாது. கணக்காளர் அங்கிள் வழக்கைத் தொடக்கினார். உடம்பையே காணாமல் ஒரு மனிதனைத் தூக்கச் சொன்ன அந்தப் பன்னிரண்டு பேரும் விசரர்கள் என்றார். டொக்டர் அன்ரி விடவில்லை. அவன்தான் செய்தவன், படத்தில் அவனுடைய முழியைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். பாத்திரங்கள் கொண்டு வந்த காரணத்தையே மறந்து எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனார்.

அப்பா மட்டும் பேசவில்லை. அதைக் கவனித்த அங்கிள் அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் அதுக்குள்ள இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள்?"

அப்பா தன் கைகளைப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வகுப்பில் விடை தெரியாமல் எழுந்து நிற்கும் பிள்ளை மாதிரி இருந்தார்.

"மற்ற ஆக்கள் சொன்னதைத்தான் சொல்லியிருப்பன், தம்பி."

அங்கிள் சிரித்துவிட்டார். பிறகு இருக்கும் இடம் நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுந்தார்கள். எப்போதும் கதவடியில் வைத்து ஆளாளுக்கு "போட்டு வாறம்" என்று சொல்லிச் சொல்லியே கால் மணி நேரம் நிற்கிற கூட்டம், அன்று ஒரு சொல்லும் சொல்லாமல் வரிசையாக இறங்கிப் போனது. செத்தவீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று அம்மா பிறகு சொன்னார். அப்பா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். கடைசிக் காரும் போன பிறகும் அங்கேயே நின்றார்.

அந்த நாட்களில் அப்பா காலையில் எல்லாவற்றுக்கும் முதல் வானொலியைப் போடுவார். செய்தி முடிந்ததும் நிறுத்திவிடுவார். சில வாரங்கள் இப்படிப் போயின. ஒரு காலை, அந்த மனிதரைத் தூக்கிலிடுவதில்லை, ஆயுள் முழுக்கச் சிறை என்று அரசாங்கம் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அம்மா அன்று பின்னேரம் விளக்கேற்றினார். அப்பா வேலையால் வரும்போது ஒரு பெரிய மீன் வாங்கிக்கொண்டு வந்தார். துடக்குக் கழிந்துவிட்டதா என்று அம்மாவைக் கேட்டேன். "ஓம்" என்றார். பிந்திய பிறந்தநாளுக்குக் கேக்கும் உண்டு என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அறைக்குள் நடந்ததை, அப்பா இறந்து வெகுகாலத்துக்குப் பிறகு அம்மா சொன்னார். பன்னிரண்டு பேரில் கடைசிவரை மாட்டேன் என்று நின்றவர் அப்பாதானாம். பன்னிரண்டு பேரும் ஒன்றையே சொன்னால்தான் தீர்ப்பு என்பதால், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மற்றவர்கள் சுற்றியிருந்து வற்புறுத்தினார்களாம். "அவன் செய்தவனோ செய்யேல்லையோ, உன்ரை அப்பாவுக்குத் தெரியாது பிள்ளை. தெரியும் எண்டு சொல்லிப்போட்டு வந்தவர்."

மீன் வாங்கி வந்த அன்று மேசையில் நான் கண்டது வேறு. பொரித்த மீனின் நல்ல துண்டை அப்பா எனக்கு எடுத்து வைத்தார். தனக்குப் பருப்பு மட்டும் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் மீன் தொட்டதேயில்லை. அப்பாவுக்கு மீன் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்தேன். நினைத்து, அவருடைய பங்கையும் நானே சாப்பிட்டேன்.