தும்மல் ராணி

நாடகக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். கூண்டுக்குள்ளிருந்து அவள் முணுமுணுக்கும் பாட்டைக் கேட்டு வரிசை நகராமல் நின்றது. கூட்டத்தை உள்ளே இழுக்க வேறு வழி தெரியாமல்தான் முதலாளி அவளை மேடையேற்றினார். ஆர்மோனியக்காரர் அவளையே கல்யாணம் கட்டிக்கொண்டார்.

புதிதாக வந்த கிராமபோன் கம்பெனிக்காரர், சுவரெல்லாம் கம்பளி தொங்கிய அறையில், ஒரு பெரிய குழலுக்குள் முகத்தை நுழைத்துப் பாடச் சொன்னார். கம்பளித் தூசி மூக்கில் ஏறியது. சோகமான கடைசி வரியை இழுத்துக்கொண்டிருந்தபோது தும்மிவிட்டாள்.

"இன்னொரு தடவை பாடிடுறேங்க."

"மெழுகுத் தட்டு தீந்துபோச்சும்மா. யாரு கவனிக்கப்போறா?"

ஊரே கவனித்தது. பிரிவுத்துயரை இவ்வளவு நயமாக யாரும் தும்மியதில்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. 'தும்மல் ராணி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மேடையில்தான் வினை. தும்மல் வராவிட்டால் நாற்காலி பறந்தது. நினைத்த நேரத்தில் தும்ம யாரால் முடியும்? கணவர் மூக்குப்பொடி வாங்கினார். நாத்தனார் திரையோரம் கோழி இறகோடு நின்றாள். நாளாக ஆகப் பொடிக்கும் இறகுக்கும் மூக்கு மரத்துப்போனது.

ஒருநாள் பெரிய அரங்கு. கடைசி வரியை அவள் இழுக்கிறாள், இழுக்கிறாள், தும்மல் வருவதாக இல்லை. முன்வரிசை உறுமியது.

"அண்ணி, கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்!" என்று கெஞ்சினாள் நாத்தனார்.

பதறிப்போன கணவர் பொடி டப்பாவை மொத்தமாக அவள் முகத்தை நோக்கி வீசினார். மேடை மின்விசிறி அதை வாரி அரங்கெங்கும் இறைத்தது. அத்தனை பேரும் தும்மினார்கள், அவளைத் தவிர.

யாரும் தன் மூக்கைப் பார்க்கவில்லை என்றதும் அவள் நிம்மதியாகப் பாடினாள். அப்படி அவள் அதுவரை பாடியதே இல்லை. முடிந்ததும் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கைதட்டியது.

"என்னங்க, பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று கணவரிடம் கேட்டாள்.

"நான் எங்க கேட்டேன்? தும்மிட்டுல்ல இருந்தேன்!"

மறுநாளே அவள் கம்பெனிக்காரரிடம் அடம்பிடித்து, அதே பாட்டைத் தும்மலில்லாமல் பதிவுசெய்தாள். வாங்கியவர்கள் போலி என்று திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த இசைத்தட்டுகள் நாத்தனாருக்குத் தண்ணீர்ப் பானைகளை மூட உதவின.

அவள் மேடையை விட்டுப் பொத்தான் கடை வைத்தாள். கடையில் தும்மலில்லாத அந்த இசைத்தட்டுதான் எப்போதும் சுற்றும்.

ஒரு வாடிக்கையாளர் காதைச் சாய்த்துக் கேட்டார். "தும்மல் ராணி மாதிரியே பாடுறாளே! பாவம், தும்மத்தான் தெரியல."

"பழகிக்குவா" என்றாள் அவள், பொத்தான்களை நிறம் பிரித்தபடி.