ஒரு சாண் தூரம்

அந்த அழகு நிலையத்துக்கு வருகிறவர்கள் அவளை நூல்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கைகளிலும் முறுக்கி, சாய்ந்திருப்பவளின் முகத்தின் மேல் குனிவாள். எழுந்திருக்கும்போது புருவம் வரைந்து வைத்த மாதிரி இருக்கும்.

சிறு வயதிலிருந்தே அவளுக்குக் கிட்டப்பார்வை. சோடாபுட்டி என்று கேலி செய்யாதவர்கள் கிடையாது. செய்யட்டுமே! கண்ணாடியைக் கழற்றி வைத்தால், ஒரு சாண் தூரத்தில் பூனைமுடிகூட அவளிடம் தப்பாது. கண்ணாடியோடு இந்த வேலை ஓடாது. குனிந்ததும் மூக்கில் வழுக்கும்; மேலே தள்ளிவிட மூன்றாவது கைக்கு எங்கே போவது?

கடை அவளுக்கும் அக்காவுக்கும் பொது. கை இவளுடையது, வாய் அக்காவுடையது. வாடகை வாங்கும் கட்டடக்காரரோ வங்கியோ, யாரிடம் பேசுவதானாலும் அக்காதான்.

இரண்டு கண்ணிலும் புரை விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கும் அக்காவேதான் கூட வந்தாள். முதலில் வலது கண். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். தூரத்துக்கு வைத்தால் கிட்டத்துக்குக் கண்ணாடி. கிட்டத்துக்கு வைத்தால் தூரத்துக்குக் கண்ணாடி.

"அக்கா, எனக்குக் கிட்டக்கத்தான் தெரியணும். மறக்காம சொல்லு."

"அது எனக்குத் தெரியாதா? நீ பேசாம இரு."

சொட்டு மருந்து விட்ட கண்களை மூடியபடி அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அக்கா டாக்டரின் அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். இவளும் நம்பினாள். கூடப் பிறந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கட்டுப் பிரித்ததும் எதிர்ச்சுவர்க் கடிகாரம் பளிச்சென்று தெரிந்தது. தெருமுனை விளம்பரப் பலகையைக்கூடப் படித்தாள். ஆனால் உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்தால் ரேகை ஒன்றையும் காணோம். நாளானால் சரியாகிவிடும் என்று அக்கா சமாதானம் சொன்னாள். அதுவரைக்கும் என்று சொல்லி, அக்காவின் மருமகள் இவளுடைய நாற்காலிக்கு வந்தாள். அந்த மருமகளுக்குத் தொழில் பழக்கிவிட்டதே இவள்தான்.

இடது கண்ணுக்கு நாள் குறிக்க, இந்த முறை தனியாகப் போனாள்.

"தூரப் பார்வை அருமையா வந்திருக்கும்மா," என்றார் டாக்டர்.

"கிட்டக்க ஒண்ணும் தெரியலையே டாக்டர். என் பொழப்பே கிட்டக்கதான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க அக்கா அப்படிச் சொல்லலையே. நீங்க நூல் வேலைய விடப்போறீங்க, இனிமே கல்லாவுலதான் உக்காருவீங்க, தூரத்துக்கே வச்சிடுங்கன்னாங்க. உங்களையே கேட்டிருக்கணும். என் தப்புதான்."

"சரி, இந்தக் கண்ணுக்காவது ஒரு சாணுக்கு வைங்க."

"ஒரு கண்ணைத் தூரத்துக்கு வச்சாச்சு. இன்னொண்ணை அவ்வளவு கிட்டக்க வச்சா ரெண்டும் ஒத்துப்போகாது, தலை சுத்தும். அதிகம் போனா ஒரு முழத்துக்கு வைக்கலாம். வச்சதை எடுத்து மாத்துறதுல ஆபத்து இருக்கு, அதுக்கு நான் துணிய மாட்டேன்."

ஒரு கண்ணில் கைவைத்து இரண்டையும் பறித்துவிட்டாள் அக்கா. கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் இவள் அழுதாள். நாற்காலி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் பாதி நாளையாவது மருமகளுக்குக் கொடுத்திருக்கமாட்டாளா?

கடைக் கதவைத் திறந்தாள். கோடியில், கண்ணாடி முன் அக்கா தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்; மருமகள் ஓரமாகத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? ஒரு கல்யாணத்துக்குப் போகணும், என் புருவத்தை மட்டும் கொஞ்சம் பண்ணிவிடேன். அவகிட்ட குடுத்தா ஒண்ணு ஏறும், ஒண்ணு இறங்கும்."

அவள் வாசலை விட்டு நகரவில்லை.

"டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு அக்கா."

அக்காவின் முகம் வெளிறியதும், உதடு துடித்ததும், கண்கள் மருமகள் பக்கம் ஓடித் திரும்பியதும் அத்தனை தூரத்திலிருந்தும் துல்லியமாகத் தெரிந்தன. லென்ஸை டாக்டர் நன்றாகத்தான் வைத்திருந்தார்.